கம்புக்கு முன்னே கால்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. சாலை முழுக்க மனிதர்கள்தான். விடுமுறை நாள்களில் காந்தி சிலைப் பக்கம் ஏதாவது ஒரு சிலம்பக் கூடத்துப் பிள்ளைகள் வட்டம் கட்டி நிற்பதுண்டு. வேடிக்கை பார்ப்பவர்களின் கண் முதலில் போவது இரட்டைக் கம்பு சுற்றும் பையன்மேல். அடுத்தது அவன் இடுப்பில் இருக்கும் பச்சை பெல்ட்டின்மேல். "பச்சைன்னா எத்தனாவது?" என்று பக்கத்தில் நிற்கும் அவன் அம்மாவிடம் விசாரணை நடக்கும். நீலம் வாங்க இன்னும் ஆறு மாசம் ஆகும் என்று அவரும் பெருமையாகச் சொல்வார். பையனுடைய கால்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பவர் அந்தக் கூட்டத்தில் அபூர்வம். பல நேரம் கால்கள் ஒன்றும் செய்வதில்லை. நட்டுவைத்த இடத்திலேயே இருக்கின்றன.

சிலம்பத்தில் ஒருவனுடைய தரத்தை இடுப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அண்மைக் காலத்தில் வந்தது. அதற்கு முன்பு அவன் தரம் வாத்தியாருக்குத் தெரியும், கூடப் பயில்கிறவர்களுக்குத் தெரியும், திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லும் நாலு பெரிசுகளுக்குத் தெரியும். அந்தப் பெரிசுகள் கம்பைப் பெரிதாகப் பார்த்ததில்லை. கணுக்காலைப் பார்த்தார்கள். இந்தக் கட்டுரையும் அவர்கள் கட்சிதான்.

பழைய கூடத்தில் சேர்ந்தவனுக்கு முதல் நாளே கம்பு கிடைக்காது. வெற்றிலை பாக்கோடு தட்சணை வைத்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபின், கையை இடுப்பில் வை என்பார்கள். அப்புறம் நடை. முன்னே, பின்னே, பக்கவாட்டில், திரும்பு. மறுநாளும் அதே. அடுத்த வாரமும் அதே. இது எத்தனை நாள் என்பது வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். பையன் எத்தனை பிடிவாதக்காரன் என்பதைப் பொறுத்தும் மாறும். பிறகு ஒற்றைக் கம்பு, ஒரு பக்கம் மட்டும். பிறகு இரு பக்கமும் மாற்றி. சுற்றையும் நடையையும் ஒன்றாகக் கட்டியபின் எதிரே ஓர் ஆளை நிறுத்தி அடி, தடுப்பு. கோர்வை, வீடு கட்டுதல், பூட்டு, பூட்டிலிருந்து விடுபடுதல். ஊர் முன்னால் அரங்கேற்றம். அதற்கும் பிறகே செடிக்குச்சி, மான்கொம்பு, வாள், எல்லாவற்றுக்கும் கடைசியில் சுருள்வாள். வர்மம் எல்லோருக்கும் கிடையாது. கூடத்துக்குக் கூடம் இந்த வரிசையில் ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கும். துடுக்காண்ட முறைக்காரர் முதலில் சொல்லித்தருவதைக் குறவஞ்சி முறைக்காரர் மூன்றாவதாக வைத்திருப்பார். ஆனால் நடையைக் கடைசிக்குத் தள்ளிய பழைய ஆசானைக் காண்பது கஷ்டம்.

காலடி என்பது எங்கே மிதிப்பது என்பதோடு முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் கால் விழுந்தால் தேறியது என்று மார்க் போடுகிறவர்களும் உண்டு. ரசிகன் கவனிக்க வேண்டிய இடம் வேறு. பின்காலின் குதிகாலைப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் கம்பு இடப்பக்கத்துக்கு மாறும் நொடியில் அந்தக் குதிகால் ஏற்கெனவே திரும்பியிருக்க வேண்டும். திரும்பியிருந்தால் இடுப்பு தானாகத் திரும்பும், இடுப்போடு தோள் வரும், தோளோடு கை வரும், கம்புக்கு எந்த வேலையும் மிச்சம் இருக்காது. குதிகால் தாமதித்தால் இடுப்பு பாதியில் நின்றுவிடும். தோள் மட்டும் தனியாக இழுக்கும். சுற்றின் ஓசையில் ஒரு சின்ன விக்கல் விழும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே தெரியும் அந்த விக்கல். பார்க்கத் தெரிந்தவர்கள் "இன்னும் ஒரு வருஷம் நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது இந்த இடத்தில்தான்.

அடுத்த படியில் இருப்பவனிடம் விக்கல் இருக்காது. ஆனால் பார்வை தரையில் இருக்கும். தன் காலைத் தானே பார்த்துக்கொள்வான். அதற்கும் மேலே இருப்பவன் எதிராளியின் மார்பைப் பார்ப்பான், கால் அதன் போக்கில் போகும். எதிராளி அரை அடி முன்னே வந்தால் இவன் கால் கேட்காமலே அரை அடி பின்னே போயிருக்கும். நெற்றி உயரக் கம்பு இரண்டும் எதிரெதிரே நிற்கும்போது படுகிற அடிக்கும் படாத அடிக்கும் நடுவில் இருப்பது அந்த அரை அடிதான். எதிராளியைக் கம்பால் தொட்டு வெல்லும் தொடுமுறைப் போட்டியில் ஒருவன் உடம்பில் அடையாளம் விழுகிறது என்றால் அநேகமாக அவன் கை தோற்றிருக்காது. கால் தோற்றிருக்கும்.

இன்னும் மேலே போனால் கால் இருப்பதே தெரியாது. மிதிக்கும் சத்தம் நின்றுபோகும். ஐம்பது வயது கடந்த ஆசான்கள் சிலரிடம் இதைப் பார்க்கலாம். பையன்கள் துள்ளித் துள்ளிப் போகும் தூரத்தை அவர்கள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் கடந்துவிடுவார்கள். கைதட்டல் துள்ளுகிற பையனுக்குத்தான் கிடைக்கும். ஆசானுக்கு அதில் வருத்தமும் இருக்காது.

மணல்தரை இருந்த காலத்தில் இதையெல்லாம் ஒளிக்க முடியாது. ஆடி முடித்தபின் தரையைப் பார்த்தே வாத்தியார் திருத்துவார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் பாரம் பின்னே விழுகிறது. விரல் பக்கம் மண் கிளறியிருந்தால் திருப்பம் சரி. தடம் நீண்டு இழுபட்டிருந்தால் காலைத் தூக்கவே இல்லை, சோம்பேறித்தனம். பையன் என்ன சாக்கு சொன்னாலும் மண் சாட்சி சொல்லிவிடும். இப்போது பயிற்சி மொட்டைமாடியில், பள்ளிக்கூட அரங்கின் டைல்ஸ் தரையில், சிமென்ட் போட்ட கூடைப்பந்து மைதானத்தில். போதாக்குறைக்குச் சில இடங்களில் ஷூ வேறு. ரப்பர் அடிப்பாகம் போட்ட ஷூவோடு குதிகாலைத் திருப்பச் சொன்னால் முழங்கால்தான் திரும்பும். அந்த வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு திரியும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

கால் மறந்துபோனதற்கு மேடை வந்ததும் ஒரு காரணம். அம்மன் கோயில் ஊர்வலத்தில் சாமி நகரும். முன்னால் சிலம்பம் ஆடுகிறவனும் நகர்ந்தே ஆகவேண்டும். பம்பை அடி மாறும், தெரு திரும்பும், கூட்டம் நெருக்கும், எதிரே மாட்டுவண்டியோ ஆட்டோவோ வரும். அத்தனைக்கும் நடுவே பின்னோக்கிப் போய்க்கொண்டே சுற்ற வேண்டும், யார் மேலும் படாமல். இதைவிடக் கடுமையான தேர்வை எந்தச் சங்கமும் வைத்ததில்லை. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வந்து சேரும் கூட்டத்தை நேரில் கண்டவர்களுக்கு, அந்த நெரிசலில் ஐந்தரை அடிக் கம்பைச் சுற்றுவது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. இருபதடி மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நின்று சுற்றுகிறவனுக்கு நகர வேண்டிய அவசியமே கிடையாது. அவசியமில்லாத உறுப்பு மெல்ல மெல்லத் தூங்கப் போய்விடுகிறது.

சிலம்பத்தில் இன்னொரு தரக்கணக்கும் உண்டு. அதை யாரும் ஏற்படுத்தவில்லை, தானாக அமைந்தது. கம்பு நெற்றிக்கு வர வேண்டும் என்பதால் எட்டு வயதில் எடுத்த கம்பு பத்து வயதில் உதவாது. பையன் வளர வளரக் கம்பும் வளரும். பழைய கம்பு அடுத்துச் சேர்ந்த சின்னவனுக்குப் போகும். ஒரு கூடத்தின் மூலையில் சாத்திவைத்திருக்கும் கம்புகளைப் பார்த்தே அங்கே எத்தனை பேர் தொடர்ந்து தங்கியிருக்கிறார்கள் என்று கணித்துவிடலாம். குட்டைக் கம்புகள் மட்டும் குவிந்திருந்தால், பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்ததும் பிள்ளைகள் நின்றுவிடும் கூடம் அது.

இங்கிலாந்தின் வாள்வித்தைக்காரர் ஜார்ஜ் சில்வர் கம்பின் அளவுக்கு வேறு கணக்குச் சொன்னார். நிமிர்ந்து நின்று, கம்பைச் செங்குத்தாகப் பிடித்து, கையை எட்டும் மட்டும் உயர்த்தி, அதற்கும் மேலே இரண்டு கைகள் பிடிக்க இடம் விட்டு வெட்டு என்று 1599-இல் எழுதினார். எட்டு, ஒன்பது அடி வரும். அவ்வளவு நீளத்தைச் சுற்ற முடியாது. குத்தவும் தள்ளவும் அடிக்கவும்தான் முடியும். நம்முடையது நெற்றியோடு நின்றதால்தான் சுழன்றது, சுழன்றதால்தான் கால் இவ்வளவு முக்கியமானது. சில்வரை நம் ஆள் என்று சொல்லிக்கொள்ளப் பிறிதொரு காரணமும் உண்டு. ஊரெல்லாம் இத்தாலிய மெல்லிய வாளைப் பிடித்துக்கொண்டு திரிந்த காலத்தில், கைக்கு அளவான கம்பே வாளைவிட மேல் என்று வாதாடியவர் அவர்.

சில்வர் காலத்து லண்டனில் படிநிலைகள் எழுத்தில் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் வாள்வித்தை ஆசான்களின் சங்கம் நான்கு படிகள் வைத்திருந்தது: மாணவன், விடுதலை பெற்ற மாணவன், துணையாசான், ஆசான். இரண்டாம் படியிலிருந்து மூன்றாவதற்கு ஏழு ஆண்டு, மூன்றிலிருந்து நான்குக்கு இன்னும் ஏழு ஆண்டு என்பது விதி. பட்டையும் கிடையாது, வண்ணமும் கிடையாது. சத்திரத்து முற்றத்திலோ நாடகக் கொட்டகையிலோ மேடை கட்டி, ஊருக்கு அறிவித்து, ஒன்றுக்கு மேற்பட்ட ஆயுதங்களில் வந்து நிற்பவர்களையெல்லாம் எதிர்கொள்ள வேண்டும். நம் அரங்கேற்றத்துக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறு எங்கும் இல்லை. 1587-இல் ஆசான் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் ரிச்சர்ட் டார்ல்டன். எலிசபெத் அரசியின் நாடகக் குழுவில் சிரிப்பு நடிகர். ஊரே சிரித்த ஒரு நடிகர், கத்தி எடுத்தால் ஆசான்.

நடிகர் என்றதும் தமிழ் ரசிகருக்கு ஒரே பெயர்தான் வரும். எம்.ஜி.ஆர். சிலம்பத்தை முறையாகப் பயின்றவர். சிலம்ப ஆசான் மாடக்குளம் ரவியின் துணை அவருக்கு இருந்தது. 'பெரிய இடத்துப் பெண்'ணில் வரும் கம்புச் சண்டையை இன்றும் அடிக்கு அடி சொல்லக்கூடியவர்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கிடைப்பார்கள். அவர்களிடம் கேட்டால் உச்சம் என்று 1971-இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' காட்சியைச் சொல்வார்கள். ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே சுற்றி வளைத்தவர்களைக் கம்பால் விரட்டுவது. அழகான காட்சி, சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாடு முழுவதும் மனதில் பதிந்த சிலம்பக் காட்சியில் ஆடுகிறவரின் கால் பெடலில் இருக்கிறது! காலடி முழுவதையும் மூன்று சக்கரங்கள் போடுகின்றன. அந்தப் படத்துக்குப் பிறகு சிலம்பம் கற்க வந்த ஒரு தலைமுறை கையைத்தான் கற்க வந்தது என்று சொன்னால் எம்.ஜி.ஆர். ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். படத்தை மறுபடியும் போட்டுப் பார்க்கலாம். சக்கரங்கள் வளையும் விதத்தைக் கவனித்தால் அதுவும் நல்ல காலடிதான் என்று ஒப்புக்கொள்ளவும் இடமிருக்கிறது.

அதே 1971-இல் காரைக்குடியிலிருந்து ஜே. டேவிட் மானுவல்ராஜ் சிலம்பம் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். நுட்பத்தையும் மதிப்பீட்டையும் சேர்த்துத் தலைப்பிலேயே வைத்தார். ஒரு மாணவனின் தேர்ச்சியை அளந்து எழுத முடியும் என்று உடற்கல்வித் துறையிலிருந்து ஒருவர் நம்பியது பெரிய விஷயம். அவர் சிலம்பத்தை வாள்வித்தையின் குடும்பத்தில் வைத்துப் பேசியதும் சரியான பார்வை. இன்று சிலம்பத்துக்குச் சான்றிதழ் அடிப்பவர்களில் எத்தனை பேர் அந்த நூலைப் புரட்டியிருப்பார்கள்?

புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் தனி உரிமை உண்டு. இந்த ஊரில் சிலம்பமும் கசரத்தும் சொல்லித்தந்த இடத்துக்குக் கொட்டடி என்று பெயர், நடத்துகிறவர் கொட்டடி வாத்தியார். தமிழ் இலக்கிய வரலாற்றில் அப்படி ஒருவர் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டார். பாரதி 1908-இலிருந்து 1918 வரை இங்கே இருந்தார். பாரதிதாசன் அவருக்கு முதன்முதலாக அறிமுகமானது கொட்டடி வாத்தியார் வேணு நாயக்கரின் திருமணத்தில். பாரதியின் பாட்டை, பாரதியே கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், பின்னாளில் பாரதிதாசன் ஆன கனக சுப்புரத்தினம் பாடிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கதையைச் சொல்கிற எவரும் கல்யாண மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி அதிகம் சொல்வதில்லை. தமிழின் இரண்டு கவிஞர்களை ஒரு பந்தலில் சேர்த்துவைத்தவர் ஒரு கொட்டடி வாத்தியார். பட்டையும் பட்டமும் இல்லாமலே ஊர் அவருக்குக் கொடுத்திருந்த தரம், அந்தப் பந்தலுக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்பதிலேயே தெரிகிறது.

பிரெஞ்சுக்காரர்களிடமும் படிநிலை இருந்தது. பாரிஸ் வாள்வித்தை ஆசான்களின் சங்கத்துக்கு 1567-இல் ஒன்பதாம் சார்லஸ் அங்கீகாரம் கொடுத்தார். 1656-இல் பதினான்காம் லூயி இன்னும் ஒரு படி மேலே போய், இருபது ஆண்டு பணி முடித்த மூத்த ஆசான்கள் ஆறு பேருக்குப் பிரபு அந்தஸ்தே வழங்கினார். அவருடைய ஆட்சியில்தான் பதினெட்டு ஆண்டு கழித்து, 1674-இல், பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து ஊரை நிலைநாட்டினார். அவர்களிடமும் கம்பு வித்தை உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் நீளக் கம்புப் பயிற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது. இன்று போட்டியாக நடக்கும் கைத்தடிச் சண்டையில் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் தடியை, ஒவ்வொரு அடிக்கு முன்பும் உடம்புக்குப் பின்னே கொண்டுபோய்த் திரும்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பின்னே போன கை திரும்ப இடுப்பு திரும்ப வேண்டும், இடுப்பு திரும்பக் கால் திரும்ப வேண்டும். அவர்களும் குதிகாலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பெல்ட் சமாச்சாரத்துக்கும் பாரிஸில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. கறுப்பு பெல்ட் ஜப்பானில் ஜூடோவின் கானோ ஜிகோரோ காலத்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று நடுவில் வண்ணங்களை அடுக்கும் முறையை ஐரோப்பாவில் பரவலாக்கியவர் கவாய்ஷி மிக்கினோசுக்கே. 1935-இல் பாரிஸுக்கு வந்து ஜூடோ சொல்லித்தந்தவர். மேற்கத்திய மாணவர்களுக்குப் பொறுமை குறைவு, நடுநடுவே ஏதாவது கையில் கொடுத்தால்தான் நிற்பார்கள் என்று அவர் கண்டார். அந்த வண்ணங்கள் ஜூடோவிலிருந்து கராத்தேவுக்குப் போய், கராத்தே வகுப்புகளோடு தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்து, பக்கத்து மைதானத்தில் சிலம்பம் சொல்லித்தந்தவர் கண்ணில் பட்டன. கராத்தே பையன் பச்சை கட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிலம்பப் பையன் அழுதான். வாத்தியார் என்ன செய்வார், பாவம். பாரிஸ்காரனின் பொறுமையின்மைக்குச் செய்த மருந்து, பாரிஸ்காரன் ஆண்ட ஊரின் பிள்ளைகளுக்கும் கடைசியில் வந்து சேர்ந்தது.

பெல்ட்டுக்கு ஆதரவாகச் சொல்வதற்கும் இருக்கிறது. மாதக் கட்டணம் கொடுக்கும் பெற்றோர் கண்ணுக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்பது நியாயம். பெண்பிள்ளைகள் இவ்வளவு பேர் இன்று கம்பு எடுத்திருக்கிறார்கள் என்றால் பள்ளிக்கூடமும் சங்கமும் சான்றிதழும் சேர்ந்து செய்த காரியம் அது. பழைய கொட்டடிகளில் அவர்களுக்கு இடமே இருந்ததில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சிப் போட்டியாக வந்ததும், 2026-க்கான பத்மஸ்ரீ பட்டியலில் புதுச்சேரியின் சிலம்ப ஆசான் கே. பழனிவேலின் பெயர் வந்ததும் இந்த ஊர் ரசிகர்கள் தலை நிமிர்ந்து நடக்கப் போதுமான செய்திகள். தரத்தை அளக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதை அளப்பது என்பதில்தான் வழக்கு.

ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுகிறார்கள். எத்தனை மணி நேரம் நிற்காமல் சுற்றினான் என்று கடிகாரம் வைக்கிறார்கள். ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் சுற்றவைத்துச் சாதனைப் புத்தகத்துக்கு அனுப்புகிறார்கள். வெயிலில் மணிக்கணக்காக நிற்கும் அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் அங்கே ஒரு காலும் நகரவில்லை. ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை முறுக்குவதுபோல இருக்கிறது. சத்தம் வருகிறது, வண்டி அங்கேயே இருக்கிறது. ஆணியில் நின்று சுற்றுவது, பானைமேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது எல்லாம் இந்த வகைதான். சர்க்கஸுக்கு ஒரு மரியாதை உண்டு, அதைச் சர்க்கஸ் என்றே சொல்லிவிட்டால்.

சுருள்வாள் பிரியர்கள் தனி ரகம். இரும்புப் பட்டை விர்ரென்று விரியும்போது ஒரு பயம் கலந்த சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியில் தரவேண்டிய ஆயுதத்தை, விழாவுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக இரண்டாம் வருஷத்துப் பையன் கையில் தருகிறார்கள். முனை மழுங்கிய மெல்லிய தகடு, ஆபத்தில்லை என்பார்கள். சுருள்வாள் கடைசியில் வந்ததற்கு ஆபத்து மட்டும் காரணமில்லை. கம்பில் கால் தவறினால் எதிராளி அடிப்பான். சுருள்வாளில் கால் தவறினால் அடிப்பது தன் ஆயுதமேதான். அதனால்தான் கால் முழுமையாகத் தேறியவனுக்கு மட்டும் அது கிடைத்தது. ஒரு ஆயுதம் எந்தப் படியில் கைக்கு வருகிறது என்பதிலேயே பாடம் இருந்தது. வரிசையைக் கலைத்தால் பாடமும் போய்விடும்.

தீப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் கால் எப்படியும் தெரியாது.

வேறொரு கோஷ்டி, அலங்காரமே வேண்டாம், தொடுமுறை ஒன்றே சிலம்பம் என்கிறது. கவசம் போட்டுக்கொண்டு அடித்துப் பார்த்தால்தானே உண்மை தெரியும் என்பது அவர்கள் வாதம். பாதிக்கு மேல் சரி. போட்டி மேடையில் தொடுமுறை நடக்கும்போது கவனித்தால் ஒரு விசித்திரம் தெரியும். தனித்திறமையில் மின்னிய பையன், எதிராளி வந்து நின்றதும் சுற்றை மறந்துவிடுகிறான். தலைக்கு ஓங்குகிறான், காலுக்கு ஓங்குகிறான், அவ்வளவுதான். ஐந்து வருஷம் கற்ற கோர்வைகள் எங்கே போயின? அவை காலில் இருந்திருந்தால் போயிருக்காது. கையில் மட்டும் இருந்ததால் பயத்தில் உதிர்ந்துவிட்டன. அலங்காரம் ஒரு பிரிவு, சண்டை ஒரு பிரிவு என்று போட்டிகள் பிரித்துவைத்துவிட்டதால் இரண்டையும் சேர்க்கும் நடுப்படியில் யாரும் தங்குவதில்லை. ஆறு மாதம் அலங்காரம், பரிசு. அடுத்து ஆறு மாதம் தொடுமுறை, பரிசு.

ஐரோப்பியர்கள் இப்போது பழைய வாள்வித்தையைத் தோண்டி எடுத்து ஆடுகிறார்கள். அவர்களுடைய சிக்கல் நமக்கு நேர் எதிரானது. யோவாகிம் மையர் 1570-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் அச்சிட்ட பெரிய நூல் படங்களோடு இருக்கிறது. வாள், குறுவாள், நீளக் கம்பு எல்லாம் அதில் உண்டு. சொல்லித்தந்த பரம்பரைதான் அறுந்துவிட்டது. நூலை விரித்துவைத்து, படத்தில் இருக்கும் முழங்காலின் கோணத்தைப் பார்த்துக் காலை வைத்துப் பழகுகிறார்கள். அவர்களுடைய கழகங்களில் பலவற்றில் படிநிலையே கிடையாது. சிலவற்றில் லண்டன் ஆசான்களின் நான்கு படியை மீட்டெடுத்து, நாலு பேர் முன்னால் சண்டையிட்டுத்தான் ஏற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே ஆசான்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய குதிகால் எப்படித் திரும்புகிறது என்பதை எழுதிவைக்கவோ படம்பிடித்துவைக்கவோ ஆள் குறைவு. படம்பிடிக்கிற இளைஞர்களும் செல்போனைச் செங்குத்தாகப் பிடித்து இடுப்புக்கு மேலேதான் எடுக்கிறார்கள். யூடியூபில் சிலம்பம் என்று தேடி வரும் காட்சிகளில் எத்தனையில் பாதம் முழுதாகத் தெரிகிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் போதும், எரிச்சல் வந்துவிடும்.

ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, எல்லாக் கூடங்களுக்கும் ஒரே பெல்ட் வரிசை என்று பேசுகிறார்கள். துடுக்காண்டத்தையும் குறவஞ்சியையும் மறக்காணத்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால் மூன்றும் தேய்ந்து நாலாவதாக ஏதோ ஒன்று மிஞ்சும். ஆனால் பொதுவாக ஒரு தேர்வு வைக்க முடியும். அதற்கு எந்தக் கூடமும் தன் வழியை விட்டுக்கொடுக்க வேண்டாம். எந்த வண்ணத்துக்கும் முன்னால், மாணவன் கம்பில்லாமல் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் கூடத்து நடையை முழுதாக ஆடிக்காட்ட வேண்டும். ஷூ கூடாது. டைல்ஸ் கூடாது, மணல் வேண்டும். பார்க்க வேறு கூடத்து ஆசான் ஒருவரும் இருக்க வேண்டும். அதில் தேறியபின் என்ன வண்ணம் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும்.

புதுச்சேரியின் சங்கங்கள் அடுத்த தேர்வை அறிவிக்கும் முன் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். மணலுக்குத் தட்டுப்பாடுள்ள காலம்தான். ஆனாலும் பெல்ட்டுக்கும் சான்றிதழுக்கும் வாங்கும் கட்டணத்திலிருந்து ஒரு வண்டி மணலுக்குப் பணம் ஒதுக்குவது எந்தச் சங்கத்துக்கும் முடியாத காரியமில்லை.